பென்சில் சார்ட்

ஜூலை முடிய நாலு நாள் இருந்தது.
சகாயமேரி சிஸ்டர் டூட்டி சார்ட்டை விரித்தார்.
பெயர்கள் இருந்தன. தேதிகள் இருந்தன.
கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

பதினாறு வருஷமாய்
மேலேயிருந்து சிவப்பு மையில் இறங்கி வரும் அது.
பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி ஓடிப்போய்ப் பார்ப்போம்.
பிறகு டிபன் மூடியைத் திறந்துகொண்டே
போட்டவரைத் திட்டுவோம்.
அதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தோம்.

"இந்த மாசம் நீங்களே போட்டுக்குங்க."
பென்சிலையும் ரப்பரையும் வைத்துவிட்டு
அவரும் ஒரு ஸ்டூலை இழுத்து
எங்களோடு உட்கார்ந்தார்.

இதில் என்ன வலை என்று
நூர்நிஷா என் முட்டியைக் கிள்ளினாள்.
மூன்றாம் படுக்கையில் சலைன் சொட்டு நின்றிருந்தது;
ஓடிப்போய் மாற்றினேன்.
அந்த வேலை கைக்குத் தெரியும்.
காலிக் கட்டம் அப்படியில்லை.

ஆடித் திருவிழா, கோட்டை மாரியம்மன்.
புதன்கிழமை சேலமே கதவைச் சாத்தும்.
அன்றைக்கு லீவு வேண்டும்
பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு.
சுசீலாவின் புருஷனுக்கு உருளுதண்டம் நேர்ந்திருக்கிறது.
பெரியநாயகிக்கு அம்மாப்பேட்டையில்
நாத்தனாரோடு ஒரு பஞ்சாயத்து பாக்கி.
எனக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.
சொல்ல வெட்கப்பட்டு
குலதெய்வம் என்றேன்.

எல்லோரும் நூர்நிஷாவைப் பார்த்தோம்.
"உங்க நோம்பிக்கு நான் பாத்துக்குவேன்னு
நீங்களே முடிவு பண்ணாதீங்க.
எனக்கும் அன்னிக்கு ஊர்ல கடை கண்ணி இல்ல,
புள்ளைக்கு ஸ்கூல் இல்ல."

நாலு முறை எழுதி நாலு முறை அழித்தோம்.
பழைய சார்ட்டுகளை எடுத்து எண்ணியபோதுதான்
கண்ணில் பட்டது:
நாகலூர் வேம்பரசிக்கு
மாதம் பதினாறு ராத்திரி.
சிவப்பு மையில் எல்லாம் ஒரே நிறமாய் இருந்திருக்கிறது.

"ஏன் சொல்லலே?"
"சாயங்காலம் விட்டா ஏற்காட்டுக்குப் பஸ் பிடிக்க முடியாது.
நைட்டுன்னா விடிஞ்சு ஏறிக்கலாம்.
மொதல்ல நான்தான் கேட்டேன், ஒரே ஒரு மாசத்துக்கு.
அப்புறம் யாரும் மாத்தலே."

ராத்திரிகளைச் சமமாய்ப் பங்கு வைப்பதா?
கை தூக்கச் சொன்னார் சிஸ்டர்.
வேம்பரசியின் கை மடியிலேயே இருந்தது.
"கான்ட்ராக்ட்டுக்கும் கை இருக்குதுங்களா?"

ஃபேன் சுற்றியது.
சகாயமேரி சொல்வாரென்று அவரைப் பார்த்தோம்.
அவர் எங்களைப் பார்த்தார்.

பெரியநாயகிதான் வாய் திறந்தாள்:
"ரெண்டு இருக்குது புள்ள.
நேத்து நீ ஊசி போடறப்ப எண்ணிப் பாத்தேன்."

சிரித்தோம். சுசீலா சிரிக்கவில்லை.
"எனக்கு இதுல சம்மதமில்ல. எழுதிக்குங்க."
எழுதினோம், சார்ட்டின் ஓரத்தில், அவள் பெயரோடு.

எட்டுக்கு மூன்று.
எட்டில் ஒன்று என் கை.
புதன் ராத்திரி
என் கட்டத்தில் வந்து விழுந்தது.

வெளியே மேளம்.
ஜன்னல் கம்பியில் வாணவேடிக்கை
பச்சையாய்ப் பட்டு அணைந்தது.
ஆறாம் படுக்கை, கொலுசுப் பட்டறைக்காரர்,
"அம்மன் இந்தப் பக்கம் வருமா கண்ணு?" என்றார்.
வராது என்று சொல்லாமல் பிரஷர் பார்த்தேன்.
இருபத்தெட்டு பேருக்கு நானும்
ஒரு டிரெய்னிப் பெண்ணும்.

இரண்டு மணிக்குக் கால் கடுத்தது.
திட்டலாமென்று வாய் திறந்தேன்.
திட்ட ஆளில்லை.
சிஸ்டரா? அவர் பென்சிலைத்தான் தந்தார்.
வேம்பரசியா? அவள் பதினாறை யார் திட்டினார்கள்?
பழைய குரல் தொண்டையில் முள்ளாய் நின்றது.
விழுங்க ஒரு தம்ளர் வெந்நீர் ஆனது.
இதையெல்லாம் மீட்டிங்கில்
யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் முடிய நாலு நாள்.
பென்சில் சுண்டு விரலளவுக்குத் தேய்ந்திருந்தது.
வேம்பரசி சர்ஜிகல் பிளேடால் சீவினாள்,
துகள் கிட்னி டிரேயில் விழுந்தது.
இந்த முறை சண்டையை ஆரம்பித்தது அவள்தான்.

சுசீலா தாமதமாய் வந்தாள்.
ஸ்டூலை நடுவில் போட்டு உட்கார்ந்து
ரப்பரைத் தன் பக்கம்
நகர்த்திக்கொண்டாள்.